பாட்டு பீரியடில் படம் எதற்கு? ஜப்பான் அலை முதல் வாசல் கோலம் வரை – முழு விளக்கம்

ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் 'ஆர்ட் இன்டக்ரேட்டட் புராஜெக்ட்' என்று ஒரு மெசேஜ். உடனே சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, ஜிகினா வாங்க ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைக்கு ஓட்டம். தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிற பல வீடுகளில் இது பழகிப்போன விஷயம்.

தேசிய கல்விக் கொள்கை 2020 கலையோடு சேர்ந்த கற்றலை வலியுறுத்தியது. அதே ஆண்டில் சி.பி.எஸ்.இ.யும் 1 முதல் 10ம் வகுப்பு வரை கலையோடு இணைந்த புராஜெக்ட்டுகளைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2014ல் வெளியான கலைக்கல்வித் தரநிலைகளில், படைப்பது, நிகழ்த்துவது, ரசித்துப் பதில் சொல்வது ஆகியவற்றோடு நான்காவதாக 'தொடர்புபடுத்துவது' என்பதையும் சேர்த்தார்கள். பாட்டு கிளாஸ், டிராயிங் கிளாஸ், சமூக அறிவியல் மூன்றையும் தனித்தனி டப்பாவில் அடைக்காமல் ஒன்றோடொன்று கோத்துச் சொல்லிக் கொடுக்கணும் என்பதுதான் இதன் சாரம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. நடைமுறையில் என்ன ஆகிறது? ஏதோ ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, 'கேட்டுக்கிட்டே கலர் அடிங்க' என்கிறார்கள். அல்லது ஒரு நாட்டின் கொடியை வரைந்து, அந்த நாட்டு டிரெஸ் மாட்டி, ஒரு பாட்டுக்கு ஆடவிட்டு போட்டோ எடுக்கிறார்கள். குழந்தைக்குச் சந்தோஷம்தான். ஆனால் வாரத்துக்கு ஒரு பீரியட், அதுவும் பல பள்ளிகளில் கிடைக்காத ஒரு பீரியட், இப்படியே கரைந்துவிடுகிறது.

எது உண்மையான இணைப்பு? எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. அந்தப் பாடத்திலிருந்து படத்தை எடுத்துவிடுங்கள். காதுக்குக் கிடைத்த ஏதாவது குறைகிறதா? குறைந்தால் அது உண்மையான இணைப்பு. ஒன்றுமே குறையவில்லை என்றால் அங்கே படம் வெறும் அலங்காரம்.

'உலகப் பண்பாடு' என்று வரும்போதும் இதே சோதனைதான். அந்த நாட்டின் பெயரை அழித்துவிட்டு வேறொரு நாட்டின் பெயரை எழுதினாலும் பாடம் அப்படியே நடக்கும் என்றால், குழந்தை அந்த மக்களைப் பற்றி எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

இந்தச் சோதனையில் தேறும் உதாரணங்கள் நிறைய உண்டு. சில ரொம்பவே சுவாரசியமானவை.

நண்பரின் ஓவியங்களுக்குள் நடந்துபோன இசையமைப்பாளர்

படத்தைப் பார்த்தே எழுதப்பட்ட இசை என்று கேட்டால் உலகம் முழுக்க முதலில் சொல்வது 'கண்காட்சிப் படங்கள்' என்ற பியானோ தொகுப்பைத்தான். எழுதியவர் ரஷ்யாவின் மொடெஸ்ட் முசோர்க்ஸ்கி.

கட்டடக் கலைஞரும் ஓவியருமான விக்டர் ஹார்ட்மன் அவருடைய நெருங்கிய நண்பர். 1873ல், 39 வயதில் ஹார்ட்மன் திடீரென இறந்துபோனார். அடுத்த ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் நினைவாக ஒரு கண்காட்சி நடந்தது. அதைப் பார்த்த முசோர்க்ஸ்கி, 1874 ஜூனில், சில வாரங்களுக்குள் இந்தத் தொகுப்பை எழுதி முடித்தார். 10 படங்கள், 10 துண்டு இசை. நடுநடுவே 'உலாவல்' என்ற ஒரு மெட்டு திரும்பத் திரும்ப வரும். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு நடந்து போகும் மனிதரின் நடை அது. அதிலும் ஒரு விசேஷம்: தாளம் ஐந்து, ஆறு என்று மாறி மாறி வரும். சீரான மார்ச் நடை கிடையாது. நின்று, பார்த்து, யோசித்து நடக்கிறவரின் நடை.

இதில் தொடக்கப் பள்ளிக்கென்றே செய்து வைத்தது போல ஒரு துண்டு உண்டு: முட்டை ஓட்டைவிட்டு முழுசாக வெளியே வராத கோழிக்குஞ்சுகளின் நடனம். ஒரு பாலே நிகழ்ச்சிக்காக ஹார்ட்மன் வரைந்த உடை வடிவமைப்பு இது. முட்டை ஓட்டுக்குள்ளிருந்து கையும் காலும் தலையும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. இசையோ ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். முதலில் படத்தைக் காட்டாமல் இசையை மட்டும் போட்டு, 'இது யானையா, எறும்பா, குஞ்சா?' என்று கேட்டால், ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதற்குக் குழந்தை காதில் காரணம் தேடும். மேல் ஸ்தாயி, கொத்துவது போன்ற சின்னச் சின்ன ஸ்வரங்கள், வேகம் எல்லாவற்றையும் அதுவே கண்டுபிடிக்கும். பெயர் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொரு துண்டு 'பிட்வோ'. போலந்து மொழியில் மாடு என்று பொருள். பாரமான மாட்டுவண்டி ஒன்று நகர்கிறது. இந்தத் தொகுப்பை 1922ல் பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் ரவெல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். அவருடைய வடிவத்தில் வண்டி தூரத்திலிருந்து மெதுவான சத்தத்தோடு வரும், நம்மைத் தாண்டும்போது அதிரும், பிறகு தேய்ந்து மறையும். ஓவியத்தில் தூரத்தில் இருப்பதைச் சின்னதாகவும் கிட்டே இருப்பதைப் பெரிதாகவும் வரைகிறோம் இல்லையா? இசையில் அந்த வேலையைச் சத்தத்தின் அளவு செய்கிறது. ஒரு தாளில் வண்டியை மூன்று அளவில் வரையச் சொன்னால், எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு பாடமும் ஒரே நேரத்தில் புரிந்துவிடும்.

இங்கே ஆசிரியருக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஹார்ட்மனின் அந்த மாட்டுவண்டிப் படம் நமக்குக் கிடைக்கவில்லை. கண்காட்சியில் இருந்த பெரும்பாலான படங்கள் தொலைந்துபோய்விட்டன. அதனால் இசையை மட்டும் வைத்துக்கொண்டு தொலைந்த படத்தைத் திரும்ப வரையும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். ஒப்பிட்டுப் பார்த்துத் தப்பு என்று சொல்ல யாரிடமும் ஒரிஜினல் இல்லை.

நீல அலையின் கதை: பெர்லின், ஜப்பான், பாரிஸ்

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த படம். டி-ஷர்ட், மொபைல் கவர் என்று எல்லாவற்றிலும் இருக்கும் ஜப்பானிய அலை. பெயர் 'கனகாவா கடலின் பேரலை'. கட்சுஷிகா ஹொகுசாய் 1831 வாக்கில் உருவாக்கிய மரக்கட்டை அச்சு ஓவியம் இது. ஃபூஜி மலையைப் பல கோணங்களில் காட்டும் ஒரு வரிசையில் ஒன்று. அலையில் மயங்கி மலையைக் கவனிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். நடுவில், அலைக்கு அடியில், குட்டியாக இருக்கிறது பாருங்கள்.

74 வருஷம் கழித்து, 1905ல், பிரெஞ்சு இசையமைப்பாளர் குளோத் டெபுஸ்ஸி 'கடல்' என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பை வெளியிட்டார. அதன் இசைத்தாள் புத்தகத்தின் அட்டையில் இருந்தது ஹொகுசாயின் இந்த அலைதான். டெபுஸ்ஸியின் வீட்டுச் சுவரிலும் அது தொங்கியது. 1910ல் எடுத்த ஒரு புகைப்படத்தில் தெரிகிறது.

வகுப்பில் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. முசோர்க்ஸ்கி படத்தைப் பார்த்து இசை எழுதினார். டெபுஸ்ஸி இந்த ஒரு படத்துக்கு இசை எழுதினார் என்று சொல்ல முடியாது. அவர் எழுதியது கடலைப் பற்றி. அட்டைக்கு வந்தது அலைப் படம். இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுப்பதும் பாடம்தான். 'இந்தப் படத்திலிருந்து வந்த பாட்டு' என்று ஒரே வரியில் சொல்லி முடித்தால் சுலபம். ஆனால் அது உண்மை இல்லை.

அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை இன்னும் பெரிதாகும். 'பிரஷ்யன் புளூ' என்ற அந்தச் செயற்கை நிறம் 18ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பெர்லினில் உருவானது. வணிகக் கப்பல்களில் ஜப்பானுக்குப் போனது. 'ஜப்பானிய ஓவியம்' என்று நாம் காட்டும் படத்தின் உயிரான நிறம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அந்தப் படம் திரும்ப ஐரோப்பாவுக்குப் போய் ஒரு இசைப் புத்தகத்தின் அட்டை ஆனது. பண்பாடு என்பது மூடி போட்ட டப்பா இல்லை என்பதை ஒரு மேப்பில் மூன்று புள்ளி வைத்து மூன்று கோடு இழுத்தாலே நாலாம் வகுப்புப் பிள்ளை புரிந்துகொள்ளும்.

'கடல்' முழுசாகக் கேட்டால் 25 நிமிடம் ஓடும். வகுப்பில் அவ்வளவு நேரம் போட்டால் பின் பெஞ்சில் ராக்கெட் பறக்கும். காற்றும் கடலும் பேசிக்கொள்வதாக வரும் மூன்றாம் பகுதியின் முதல் ஒரு நிமிடம் போதும். அடித் தொனியில் உறுமலாக ஆரம்பிக்கும். பிள்ளைகள் கண்ணை மூடி, சத்தம் ஏற ஏற கையை உயர்த்தட்டும். பிறகு அதே அசைவைத் தாளில் ஒரே கோடாக இழுக்கட்டும். அதற்கப்புறம்தான் ஹொகுசாயின் படம். கோடுகளை வைத்து ஒப்பிடும்போது, 'அலை மட்டும் இல்ல மிஸ், அந்த மலை ஆடாம நிக்குது' என்று ஒரு பிள்ளையாவது கண்டுபிடிக்கும். இசையில் ஆடாமல் நிற்பது எது என்ற அடுத்த கேள்விக்கு அதுவே வழி.

பாரிஸில் கேட்ட ஜாவா: காமெலான்

டெபுஸ்ஸியை விடுவதற்கு முன் இன்னொரு விஷயம். 1889ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் அவர் முதல்முறையாக ஜாவாவின் காமெலான் இசையைக் கேட்டார். 1903ல் அவர் எழுதிய ஒரு பியானோ தொகுப்பின் பெயரே 'அச்சுப் படங்கள்' என்று பொருள்படும். அதன் முதல் துண்டான 'பகோடாக்கள்' காமெலானின் அடுக்கடுக்கான ஒலியைப் பியானோவில் கொண்டுவரப் பார்க்கிறது.

காமெலான் என்றால் என்ன? இந்தோனேசியாவின் வெண்கலக் கோங்குகள், உலோகப் பட்டைகள், மத்தளங்கள் சேர்ந்த பெரிய வாத்தியக் குழு. 2021ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு குழுவின் வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று மட்டும் சுருதி சேர்த்துச் செய்யப்படும். ஒரு செட்டிலிருந்து ஒன்றை எடுத்து இன்னொரு செட்டில் வைத்தால் சேராது. வாசிக்கிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார்கள். வாத்தியத்தை யாரும் தாண்டிப் போகக் கூடாது. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம், புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிறவர்கள்தானே.

இசையின் அமைப்பும் குழந்தைகளுக்கு வசதியானது. பெரிய வாத்தியம் அபூர்வமாக ஒலிக்கும்; சின்ன வாத்தியம் ஓயாமல் ஒலிக்கும். வகுப்புக்காக ஒரு சுற்றை 16 எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழு 16க்கு ஒருமுறை மட்டும் 'கோங்'. இன்னொரு குழு நாலுக்கு ஒருமுறை. மூன்றாவது குழு ஒவ்வொரு எண்ணுக்கும். நான்காவது குழு எண்ணுக்கு இரண்டு. ஸ்டீல் தட்டு, டிபன் பாக்ஸ், ஸ்கேல் போதும். கோங் குழுவில் இருக்கும் பிள்ளைக்குத்தான் கஷ்டமான வேலை என்பது இரண்டு சுற்றில் தெரிந்துவிடும். 15 எண்ணிக்கை சும்மா இருக்கணுமே!

இதை ஒரு வட்டமாக வரையச் சொல்லுங்கள். கடிகாரம் போல 16 புள்ளி. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறம். வரைந்த படமே இசைத்தாள் ஆகிவிடும். அடுத்த வகுப்பில் அதைப் பார்த்தே வாசிக்கலாம். முன்னே சொன்ன சோதனையில் இந்தப் பாடம் தாராளமாகத் தேறும்: வட்டத்தை எடுத்துவிட்டால் வாசிப்பே தடுமாறும். கூடவே ஒரு நுணுக்கம். நம் தாளத்தில் சுற்றின் முதல் அடிதான் சமம், அதுதான் அழுத்தம். ஜாவாவில் பெரிய கோங் விழுவது சுற்றின் கடைசி எண்ணில். இரண்டு மக்கள் ஒரே வட்டத்தை வேறு வேறு இடத்திலிருந்து எண்ணுகிறார்கள்.

படம் எங்கே என்கிறீர்களா? காமெலானுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 'வயாங் குலித்' என்ற தோல்பாவை நிழற்கூத்துக்கு வாசிப்பது காமெலான்தான். ராமாயணம், மகாபாரதக் கதைகள் அங்கே இரவு முழுக்க நடக்கும். பாவைகளை ஆட்டி, எல்லாக் குரலிலும் பேசுகிறவர் ஒரே ஆள். 'டாலாங்' என்று பெயர். பாவைப் பெட்டியில் மரக்கட்டையால் தட்டி இசைக்குழுவுக்கு அவரே சிக்னல் கொடுப்பார். அங்கே படமும் இசையும் தனித்தனி இல்லை, ஒருவருடைய கைக்குள் இரண்டும் இருக்கின்றன. நம் தோல்பாவைக்கூத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எது ஒன்றுபோல இருக்கிறது, எது வேறுபடுகிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும். அர்ஜுனன் பெயர் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொரு தகவல். பல நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் மரத்திலும் உலோகத்திலும் செய்த சின்ன சைலோபோன்கள் இருக்கும். ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் பெயரில் அறியப்படும் வாத்தியங்கள் இவை. 1924ல் முனிச்சில் தொடங்கிய ஒரு பள்ளியில் அவரும் குனில்ட் கீட்மனும் உருவாக்கிய முறை. ஆப்பிரிக்க, இந்தோனேசிய வாத்தியங்களின் தாக்கத்தில் பிறந்தவை. பட்டைகளைக் கழற்றி ஐந்து ஸ்வரம் மட்டும் வைத்துக்கொள்ளலாம். எதை அடித்தாலும் உறுத்தாது. 'உலக இசை' தனிப் பாடமாக வருவதற்கு முன்பே அந்தப் பள்ளிகளின் அலமாரிக்குள் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

எங்கே சொதப்புகிறது?

'ஆப்பிரிக்க இசை' என்ற தலைப்பில்தான் அதிகம். 54 நாடுகள் உள்ள கண்டத்துக்கு ஒரு முகமூடி, ஒரு மேளம், ஒரு பாட்டு. கடையில் கிடைக்கும் ஜெம்பே மேளம் மாலி, கினி பகுதியின் மாண்டே மக்களுடையது. அதை வைத்துக்கொண்டு கானா நாட்டுப் பாட்டைப் பாடி, பின்னால் வேறெங்கோ உள்ள முகமூடியை ஒட்டினால், நாதஸ்வரத்துக்குப் பஞ்சாபி டர்பன் கட்டின கதைதான்.

கானாவின் கெண்டே துணியை எடுத்துக்கொண்டால் உருப்படியான பாடம் கிடைக்கும். அசாண்டே, ஈவே மக்கள் குறுகலான பட்டைகளாக நெய்து, பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைக்கும் துணி இது. ஈவே மக்களின் மேள இசையிலும் ஒரு மணியின் நிலையான அடிக்கு மேல் வேறு வேறு மேளங்கள் தங்கள் அடியைப் பின்னிக்கொண்டு போகும். காகிதப் பட்டைகளில் வேறு வேறு அடியை நிறக் கட்டங்களாகப் போட்டு, பக்கத்தில் ஒட்டி, ஒவ்வொரு பட்டையையும் ஒரு குழு தட்டலாம். துணியையும் மேளத்தையும் சேர்த்துப் பார்ப்பது நம் வகுப்புக்கான வசதி. நெசவாளர்கள் மேளத்தைப் பார்த்து நெய்தார்கள் என்று சொல்லிவிடக் கூடாது.

அடுத்த சொதப்பல், கான்டின்ஸ்கியின் வட்டங்கள். இணையத்தில் 'இசையும் ஓவியமும்' என்று தேடினால், கட்டத்துக்குள் வட்டத்துக்குள் வட்டம் வரைந்த குழந்தைகளின் படங்கள் கொட்டும். 1913ல் வாஸிலி கான்டின்ஸ்கி செய்த ஒரு வண்ணப் பரிசோதனை அது. அழகுதான், ஆனால் எந்த ஒரு கச்சேரியோடும் ஒட்டிய படம் அல்ல. உண்மையிலேயே கச்சேரியிலிருந்து பிறந்த அவர் படம் வேறு. 1911 ஜனவரியில் முனிச்சில் அர்னால்ட் ஷோன்பெர்க்கின் இசையைக் கேட்டுவிட்டு வந்து, சில நாட்களில் அவர் வரைந்தது 'இம்ப்ரெஷன் 3 – கச்சேரி'. கறுப்பாக ஒரு பெரிய பியானோ, பக்கத்தில் குனிந்து கேட்கும் கூட்டம், மேலே வெள்ளமாக மஞ்சள். பியானோ ஏன் வடிவத்தோடு இருக்கிறது, சத்தம் ஏன் வடிவமில்லாத நிறமாக இருக்கிறது? இந்தக் கேள்வி வட்டங்களில் கிடைக்காது.

மூன்றாவது, பெயர் விடுபடுவது. நெதர்லாந்து ஓவியர் பியட் மோன்ட்ரியன் போர்க்காலத்தில் 1940ல் நியூயார்க் வந்து, அங்கே கேட்ட பூகி வூகி இசையில் மயங்கி, 1942-43ல் 'பிராட்வே பூகி வூகி' வரைந்தார். மஞ்சள் கோடுகள், அவற்றின் மேல் துள்ளும் சிவப்பு, நீலக் கட்டங்கள். வகுப்பில் மோன்ட்ரியன் பெயர் போர்டில் ஏறும். பூகி வூகியை உருவாக்கியது கறுப்பின அமெரிக்கப் பியானோ கலைஞர்கள் என்பது பெரும்பாலும் ஏறாது. 1938ல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அதை வாசித்துப் புகழ்பெற்றவர்கள் ஆல்பர்ட் அமன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ், பீட் ஜான்சன். படத்தைக் காட்டுவதற்கு முன் இவர்களில் ஒருவருடைய வாசிப்பைப் போட்டு, இடது கை விடாமல் ஒரே அடியைத் திரும்ப வாசிப்பதைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். அந்த அடி தெரியாத பிள்ளைக்கு மோன்ட்ரியனின் மஞ்சள் கோடு வெறும் ரோடு மேப்.

நம் பக்கம் என்ன இருக்கிறது?

வட இந்தியாவில் 'ராகமாலா' ஓவியங்கள். ராகங்களை ஆட்களாக, காட்சிகளாக வரையும் மரபு. தோடி ராகினி என்றால் காட்டில் வீணையோடு நிற்கும் பெண், சுற்றிலும் மயங்கி நிற்கும் மான்கள். மேவாரின் சாவண்டில் 1605ல் நசீருத்தீன் என்ற ஓவியர் செய்த ராகமாலா வரிசை புகழ்பெற்றது. நம்மூர் 'ராகமாலிகை'யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பல ராகங்கள் கோத்த ஒரே பாட்டு. இது படம்.

தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. கர்நாடக இசையின் தாள இலக்கணத்தில் 'யதி' என்று ஒரு பகுதி உண்டு. அடிகள் எண்ணிக்கையில் எப்படி வளர்கின்றன, குறைகின்றன என்பதன் வடிவம். அதற்கு வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். அகலமாக ஆரம்பித்துக் குறுகிக்கொண்டே போனால் கோபுச்ச யதி, அதாவது பசுவின் வால். சின்னதாக ஆரம்பித்து விரிந்துகொண்டே போனால் ஸ்ரோதோவக யதி, ஆற்றின் ஓட்டம். நடுவில் பெருத்து இரு பக்கமும் சிறுத்தால் மிருதங்க யதி. நடுவில் ஒடுங்கினால் உடுக்கை வடிவம், டமரு யதி. தாளத்துக்குப் படத்தின் பெயரையே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

இப்போது வாசலுக்கு வாருங்கள். 1, 3, 5, 3, 1 என்று புள்ளி வைத்த கோலம். மேலிருந்து கீழே வரிசை வரிசையாகத் தட்டிப் பாருங்கள்: த, தகிட, தகதகிட, தகிட, த. மொத்தம் 13 எண்ணிக்கை. நீங்கள் தட்டியது மிருதங்க யதி. கோலத்தின் இடுப்பு அகலமாக இருக்கும் இடத்தில் தாளமும் அகலமாக இருக்கிறது. கண்ணும் காதும் ஒரே எண்ணிக்கையைப் பார்க்கின்றன. இதற்குச் சார்ட் பேப்பர்கூட வேண்டாம், சாக்பீஸ் போதும்.

கோலத்தின் ஒழுங்கு சும்மா சொல்கிற பெருமை இல்லை. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1970களில் கோலங்களைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணங்களாக ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். வீட்டில் கோலம் போடும் பாட்டியை ஒருநாள் வகுப்புக்கு அழைத்தால் அவரே கெஸ்ட் லெக்சரர்.

இதனால் மார்க் ஏறுமா?

பெற்றோர் கட்டாயம் கேட்கும் கேள்வி. 1993ல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. மோசார்ட் இசை கேட்ட கல்லூரி மாணவர்கள் சில வடிவப் புதிர்களைச் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்த விளைவும் 10-15 நிமிடம்தான் நின்றது. ஆய்வில் குழந்தைகளே இல்லை. ஆனாலும் அது 'மோசார்ட் எஃபெக்ட்' என்று பரவி, 1998ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இசை சி.டி. கொடுக்கப் பணம் ஒதுக்கக் கேட்கிற அளவுக்குப் போனது.

ஆகவே, கணக்கில் சென்டம் வரும் என்று யாராவது சொல்லி ஃபீஸ் கேட்டால் யோசியுங்கள். இந்தப் பாடங்கள் தருவது வேறு. கூர்ந்து கேட்கிற காது, கேட்டதற்குக் காரணம் சொல்கிற வாய், தெரியாத ஊர்க்காரரை வேடிக்கைப் பொருளாகப் பார்க்காத கண். அவையே போதுமான காரணம் என்றுதான் தோன்றுகிறது.

பாட்டு டீச்சர் இல்லாத பள்ளியில்?

பல அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தனி இசை ஆசிரியர் கிடையாது. ஒரே டீச்சர்தான் எல்லாப் பாடமும் எடுக்கிறார். மேலே சொன்ன எதற்கும் ஸ்வரம் பாடத் தெரிய வேண்டியதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு போன், ஒரு ஸ்பீக்கர், ஒரு படம் இருந்தால் நடக்கும். ஒரு பீரியடுக்கு ஒரு படம், ஒரு நிமிட இசை. அதற்கு மேல் வேண்டாம். அதே துண்டை மூன்று தடவை போடலாம், ஒவ்வொரு தடவையும் வேறு கேள்வியோடு. படத்தை எப்போதும் இரண்டாவதாகக் காட்டுவது நல்லது. முதலில் காட்டிவிட்டால் பிள்ளைகள் கண்ணால் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். போனில் தேடும்போது மட்டும் 'ஜப்பான் மியூசிக்', 'ஆப்பிரிக்கன் மியூசிக்' என்று போடாமல், வாத்தியத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். வாசிக்கிற ஆட்களின் பெயர் போட்ட வீடியோ கிடைத்தால் அதை எடுங்கள். அந்தப் பெயரைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் பிளே பட்டனை அழுத்துங்கள்.